மலைப் பாதை யாருக்கு?

சைக்கிள் மலை ஏறத் தொடங்கிவிட்டது!

சைக்கிள் என்றால் பால்காரர் ஓட்டுவார், தபால்காரர் ஓட்டுவார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓட்டுவார்கள். இது வேறு சைக்கிள். டயர் பருமனாக இருக்கும். அதன் மேல் பல் பல்லாக ரப்பர் முண்டுகள் இருக்கும். முன் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் உண்டு. மேட்டுக்கு ஒரு கியர், பள்ளத்துக்கு ஒரு கியர். கல் மேல் ஏறும். வேர் மேல் குதிக்கும். ஓடையில் இறங்கி அக்கரை ஏறும். இதற்கு மலைச் சைக்கிள் என்று பெயர். விலையும் மலைதான். சில சைக்கிள்களின் விலை லட்சத்தைத் தாண்டும்.

இது பிறந்த இடம் அமெரிக்கா. கலிபோர்னியாவில் மாரின் என்று ஒரு மாவட்டம். அங்கே உள்ள இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டு போனார்கள். தீயணைக்கும் வண்டி போவதற்காகப் போட்ட மண் பாதையில் கண் மண் தெரியாமல் கீழே விட்டார்கள். 1976-ல் அதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். கீழே வந்து சேருவதற்குள் பின் சக்கரத்து பிரேக் கொதித்துவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே "ரீபேக்" என்று பெயர் வந்துவிட்டது. "மறுபடியும் அடை" என்று அர்த்தம்!

இருபது ஆண்டுகளில் இந்த விளையாட்டு ஒலிம்பிக் போட்டிக்குப் போய்விட்டது. 1996-ல் அட்லாண்டாவில் முதல் பந்தயம். 2005-ல் இமாசலப் பிரதேசத்து மலைகளில் பந்தயம் தொடங்கியது. 2023 அக்டோபரில் நமக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. கேரளத்துப் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. அதற்கென்று தனியாகத் தடம் அமைத்தார்கள்.

பொன்முடிக்கு வந்தது போடிக்கு வராதா? வரும். "இவ்வளவு நல்ல மலை சும்மா கிடக்கிறதே! சைக்கிளுக்கு ஒரு பாதை விடக் கூடாதா?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பு இல்லை. ஆனால் பதில் சொல்லும் முன் அந்த மலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலை மேல் ஸ்டேஷன்

போடிநாயக்கனூர் மலைக்கு அடியில் இருக்கிறது. ஊரில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை முகத்தில் இடிக்கும். ஏலக்காய் வாசனை அடிக்கும் ஊர். இடுக்கி மலையில் விளைகிற ஏலக்காய் இங்கே வந்து ஏலம் போகிறது. தோட்ட வேலைக்குப் பெண்களும் ஆண்களும் விடியும் முன்பே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்குப் போகிறார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். இருட்டிய பிறகு அதே வளைவுகளில் இறங்கி வந்து, அதன் பிறகு உலை வைக்கிறார்கள்.

போடிக்கு மேற்கே பத்து மைல் போனால் குரங்கணி. அங்கிருந்து மேலே நடைதான். மேலே உள்ள ஊர்களின் பெயரைக் கேளுங்கள். ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன். இன்னொன்று டாப் ஸ்டேஷன்.

"ஸ்டேஷன் என்றால் ரயில் எங்கே?" என்று குழந்தைகள் கேட்பார்கள். ரயில் இருந்தது! 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். மாடுகள் இழுத்தன. 1908-ல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயில் விட்டார்கள். மூணாற்றுத் தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து கீழே கொட்டகுடி வரை உயரத்தில் இரும்புக் கம்பி வடம் கட்டியிருந்தார்கள். தேயிலைப் பெட்டிகள் அந்த வடத்தில் தொங்கிக்கொண்டே மலை இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி. அப்போது போடிக்கு ரயில் கிடையாது. அது வந்தது 1928-ல்தான். ஆகவே வண்டிகள் ரயிலைத் தேடி இன்னும் தூரம் போக வேண்டும். இப்படிப் போய்த்தான் சீமையில் தேநீர் ஆனது.

1924-ல் பெரும் வெள்ளம். சின்ன ரயில் அடித்துக்கொண்டு போனது. பிறகு அதைப் போடவே இல்லை. ஸ்டேஷன் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதை எதற்குச் சொல்ல வேண்டும்? இந்த மலையில் எந்தப் பாதையும் விளையாட்டுக்காகப் பிறந்தது இல்லை. மூட்டை சுமந்தவர்கள் கால் பட்டு, பொதி சுமந்த குதிரையின் குளம்பு பட்டு உண்டான பாதைகள் இவை. முதுவர் இன மக்கள் அதற்கும் முன்னாலிருந்து நடந்து வருகிறார்கள். இன்றும் மேலே சில ஊர்களுக்கு அரிசி குதிரையில்தான் போகிறது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரங்களையும் குதிரை முதுகில் கட்டி ஊத்துக்காட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டு குதிரையில் போகும். ஓட்டுப் போட்டவருக்குக் காய்ச்சல் வந்தால்?

டோலிதான். இரண்டு கம்பு, ஒரு போர்வை, நாலு தோள். அகமலை ஊராட்சியில் ஊரடி, ஊத்துக்காடு போன்ற ஊர்களின் கதை இது. பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிய செய்தி பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

11-3-2018

குரங்கணி என்ற பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில். 2018 மார்ச் 11.

சென்னையிலிருந்து ஒரு குழு. திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து இன்னொரு குழு. மொத்தம் முப்பது பேருக்கு மேல். பெரும்பாலும் இளம் வயதினர், பெண்கள் அதிகம். சனிக்கிழமை குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறினார்கள். கொழுக்குமலை ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம். இரவு அங்கே தங்கினார்கள். ஞாயிறு அன்று அதே சரிவில் இறங்கினார்கள்.

மார்ச் மாதம். மழை பெய்து நாளாகிவிட்டது. சரிவெல்லாம் ஆளுயரப் புல், காய்ந்து சருகாக நின்றது. எங்கோ பற்றிய தீ காற்றோடு வந்தது.

மலைத் தீ தரைத் தீ மாதிரி அல்ல. தரையில் தீ நடக்கும். சரிவில் தீ ஓடும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகும் என்று காட்டுத் தீ அணைப்பவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அந்த வேகத்துக்கு மனிதன் மேல்நோக்கி ஓட முடியாது. பழக்கம் இல்லாதவன் எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாமல் நிற்பான்.

முதலில் மேலே ஓடியவர்கள் யார்? ஊர்க்காரர்கள். தோட்டத் தொழிலாளர்கள். இருட்டில், புகையில், பாறைச் சரிவில் தேடினார்கள். வெந்துபோன பிள்ளைகளை டோலி கட்டியும் தோளில் போட்டும் இறக்கினார்கள். பின்னால் விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. கமாண்டோக்கள் இறங்கினார்கள். அதற்குள் பல உயிர் போய்விட்டது. அடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மொத்தம் 23 பேர்.

அரசாங்கம் விசாரணை நடத்தியது. மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா விசாரித்தார். குழு அனுமதி வாங்கியது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனதோ கொழுக்குமலைப் பாதைக்கு என்று அப்போது அரசாங்கத் தரப்பில் சொன்னார்கள். அனுமதி எப்படிக் கிடைத்தது, யார் பார்த்து விட்டார்கள், வழி காட்டப் போனவர்களுக்கு அந்த மலை தெரியுமா? இந்தக் கேள்விகள் எல்லாம் மரணத்துக்குப் பிறகு வந்தன. முன்னால் வந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. சுலபமான பாதை, நடுத்தரப் பாதை, கடினமான பாதை என்று பிரித்தார்கள். தீப் பிடிக்கும் மாதங்களில் யாரும் போகக் கூடாது என்று வைத்தார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசாங்கம் மலையேற்றத்துக்கு 40 பாதைகளைத் திறந்தது. தேனி மாவட்டத்தில் குரங்கணி – சாம்பலாறு பாதை அதில் ஒன்று. முன்பதிவு செய்ய வேண்டும், பணம் கட்ட வேண்டும். மலையில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருவார்கள். 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடினார்கள். நல்ல ஏற்பாடு. 23 உயிர் கொடுத்து வாங்கிய ஏற்பாடு.

ஆனால் அந்த விதிகள் நடப்பவருக்காக எழுதியவை. சக்கரத்தில் வருபவருக்கு?

சக்கரம் பொல்லாததா?

சைக்கிள் மீது வீண் பழி போடக் கூடாது. அது புகை விடாது. சத்தம் போடாது. மலைப் பாதையில் மோட்டார் சைக்கிளையும் ஜீப்பையும் விட்டுக் காதைக் கிழிப்பவர்களோடு ஒப்பிட்டால் சைக்கிள்காரர் சாது. மண்ணைப் பெயர்க்கிறது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மொண்டானா மாநிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். நனைந்த பாதையில் சக்கரத்தைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன! ஓட்டுபவர் பாதையை விட்டு விலகாமல் போனால்தான் அது சரி. குறுக்கு வழி தேடிச் சரிவில் புதுத் தடம் கிழித்தால், அடுத்த மழைக்கு அந்தத் தடம் வாய்க்கால். அதற்கு அடுத்த மழைக்கு ஓடை.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? வேகத்தில் இருக்கிறது.

நடப்பவன் பேசிக்கொண்டு வருவான். கல் உருளும். விலங்கு காது கொடுத்து விலகிவிடும். சைக்கிள் சத்தம் இல்லாமல் இறங்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் காட்டுமாடு நிற்பது இந்தப் பக்கம் தெரியாது. 2016-ல் அதே மொண்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில் ஒருவர் வேகமாகச் சைக்கிள் ஓட்டி வந்தார். பாதையில் கரடி. நிறுத்த நேரம் இல்லை. மோதிவிட்டார். கரடி அவரைக் கொன்றுவிட்டது. போடி மலையிலும் கரடி உண்டு. காட்டுமாடு உண்டு. விலங்கை விடுங்கள். திருப்பத்தில் தலையில் விறகுக் கட்டோடு ஒரு பாட்டி வந்தால் என்ன ஆகும்? டோலி தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்தால்? இரண்டடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். யார் யாருக்கு ஒதுங்குவது?

மலைச் சைக்கிள் பிறந்த மாரின் மாவட்டத்திலேயே இந்தச் சண்டை வந்தது. நடப்பவர்கள் புகார் செய்தார்கள். குதிரைக்காரர்கள் புகார் செய்தார்கள். அந்த மலையில் குடிநீருக்காகக் காக்கப்பட்ட காடு இருக்கிறது. அதை நிர்வகிப்பவர்கள் அகலமான மண் சாலைகளில் சைக்கிளை விட்டார்கள். அதிலும் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது. மறைவான திருப்பத்திலும், ஆளைத் தாண்டும்போதும் 5 மைல்தான். குறுகிய ஒற்றையடிப் பாதையில் பல ஆண்டுகள் சைக்கிளையே விடவில்லை. சைக்கிளுக்குத் தாய்வீடான ஊரே இப்படிச் செய்தது என்றால், யானை நடமாடும் மலை என்ன செய்ய வேண்டும்?

போடி மலை தனி மலையும் அல்ல. மேலே கேரள எல்லையில் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். இது 2021-ல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். குரங்கணிச் சரிவின் காடுகள் காட்டு இலாகாவின் காவலில் உள்ளவை. காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். அது 1882-ல் போட்ட சட்டம். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு பழைய சாலை இருந்தது. அதில் இப்போது போக்குவரத்து இல்லை. "திறந்துவிடுங்கள்" என்று அவ்வப்போது குரல் எழுகிறது. அந்தச் சாலை காட்டுக்குள் காடாகப் போய்விட்டது. அது அப்படியே இருப்பதுதான் சரி.

எங்கே ஓட்டலாம்?

சைக்கிளுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. போடியிலிருந்து குரங்கணி வரை தார்ச் சாலை இருக்கிறது. போடிமெட்டுச் சாலை இருக்கிறது. அதில் பதினேழு வளைவு ஏறினால் எந்தப் பயில்வானுக்கும் மூச்சு வாங்கும். ஜீப் போகும் தோட்டப் பாதைகள் உண்டு. தோட்டக்காரர் சம்மதித்தால் அங்கே ஓட்டலாம். ஜீப் போகும் பாதையில் சைக்கிளால் புதுக் கேடு ஒன்றும் வந்துவிடாது. தோட்டத்துக்கு நாலு காசும் வரும்.

புல் சரிவில், சோலைக்குள், சைக்கிளுக்கென்று ஒரு அடிப் பாதைகூட வெட்டக் கூடாது. முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் ஜனங்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை விடக் கூடாது. மலையேற்றப் பாதைகளை மூடும் மாதங்களில் காட்டை ஒட்டிய எந்தப் பாதையிலும் சைக்கிள் கூடாது. வழிகாட்டி மலை ஊர்க்காரராக இருக்க வேண்டும். எந்த மாதம் எந்தப் பக்கம் காற்று அடிக்கும், எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். பட்டணத்தில் அச்சடித்த படத்தில் அது இருக்காது. அவருக்குக் கூலி ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். காப்பீடு இருக்க வேண்டும். 2018-ல் தீக்குள் ஓடிய ஊர்க்காரர்களை யாரும் கூலிக்கு அழைக்கவில்லை. தாங்களாகவே ஓடினார்கள். அடுத்த முறையும் ஓடுவார்கள். அதை நம்பிக்கொண்டு திட்டம் போடுவது அக்கிரமம்.

சைக்கிள் ஓட்டப் போகும் பிள்ளைகளின் தாய் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மலைக்குப் போகிறேன் என்றால் பயந்து தடுக்க வேண்டாம். மலையைப் பார்க்காமல் வளர்வதும் ஒரு குறைதான். ஆனால் நாலு கேள்வி கேளுங்கள். எந்தப் பாதை? யார் அனுமதி? அனுமதிச் சீட்டில் அந்தப் பாதையின் பெயர்தான் இருக்கிறதா? கூட வருபவர் எந்த ஊர்? பதில் சொல்லத் தயங்கினால் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

முதல் பாதை

மலையில் யாருக்காவது முதலில் பாதை வேண்டும் என்றால், அது டோலி தூக்குபவருக்கு வேண்டும்.

"காட்டு நிலம், ரோடு போட முடியாது" என்பதுதான் வழக்கமான பதில். ஆனால் 2006-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம் வேறு வழி சொல்கிறது. காட்டில் வாழும் மக்களின் ஊருக்குச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் போன்ற 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை விடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரை செய்ய வேண்டும். அது இருந்தால் மாவட்ட வன அதிகாரியின் மட்டத்திலேயே காரியம் முடியும். டெல்லி வரை ஓட வேண்டாம்.

புலிக்கும் இதனால் கேடு இல்லை. தார் போட்டுப் பஸ் விடச் சொல்லவில்லை. டோலி சறுக்காமல் இறங்க வேண்டும். குதிரை கால் வழுக்காமல் ஏற வேண்டும். ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் வேண்டும். முடிந்த இடத்தில் ஆம்புலன்ஸ் பாதி வழியாவது ஏறி வந்து நிற்க வேண்டும். கிராம சபை ஆண்டுக்குப் பல முறை கூடுகிறது. அடுத்த சபையில் இந்தத் தீர்மானத்தை எழுதி, யார் யாருடைய நிலம், எத்தனை மரம், எத்தனை அடி அகலம் என்று கணக்கோடு அனுப்பலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஊராட்சிச் செயலாளர் இருக்கிறார். சைக்கிள் பாதை கேட்டு மனு வரும் நாளில், இந்த மனு அதற்கு முன்னால் அதிகாரியின் மேஜையில் இருக்க வேண்டும்.